மலையகத்தில் பூந்தோட்டம் அமைக்கும் தொழிலா? கூகுளில் வாடிக்கையாளர் கண்ணில் படுவதற்கு இதைச் செய்யுங்கள்

கொழும்பில் இருக்கும் ஒருவருக்கு நுவரெலியாவில் ஒரு பங்களா. ஏப்ரல் சீசனுக்கு முன்னால் முற்றத்தில் புல் பதிக்க வேண்டும், பாதையோரம் பூச்செடி வைக்க வேண்டும், பின்பக்கம் இடிந்த கல் கட்டையும் சரிசெய்ய வேண்டும். முன்பெல்லாம் பங்களா காவல்காரரிடம்தான் ஆள் கேட்பார்கள். இப்போது போனை எடுத்து ஆங்கிலத்தில் லேண்ட்ஸ்கேப்பிங் நுவரெலியா என்று தட்டுகிறார்கள். மெப்போடு சேர்ந்து மேலே பெரும்பாலும் மூன்று பெயர் வரும், முதல் கோல் அந்த மூன்றில் ஒருவருக்குத்தான். ஹட்டனிலும் வெலிமடையிலும் பண்டாரவளையிலும் கைவேலை தெரிந்த எத்தனையோ பேர் அந்த இடத்தில் இல்லை, அவர்கள் செய்த வேலை எல்லாம் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏறி 24 மணி நேரத்தில் மறைந்துபோகிறது. அது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கூகுள் எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மெப்பில் யாரை மேலே காட்டுவது என்பதற்கு அவர்களே சொல்லும் காரணங்கள் மூன்று: தேடியதற்கும் உங்கள் தொழிலுக்கும் உள்ள பொருத்தம், தூரம், நீங்கள் எவ்வளவு அறியப்பட்டவர் என்பது. தூரத்தை நம்மால் மாற்ற முடியாது. ஹட்டனில் இருக்கும் ஒருவர் எல்லவில் முதலாவதாக வருவது கஷ்டம், அதற்காகப் பணத்தையும் நேரத்தையும் கொட்டாதீர்கள். மற்ற இரண்டும் நம் கையில் இருக்கின்றன. எந்த ஊரில், எந்த மாதிரி நிலத்தில், என்ன வேலை செய்தீர்கள் என்பதை உண்மையாகவும் விவரமாகவும் படத்தோடு சொல்லிக்கொண்டே இருந்தால் இரண்டும் சேர்ந்து வளரும். கீழே சொல்லும் எல்லாமே இதைச் செய்வதற்கான வழிகள்தான்.

வெப்சைட்டுக்கு முன்னால் கூகுள் பிசினஸ் புரொஃபைல்

மெப்பில் உங்கள் தொழிலின் பெயர், இலக்கம், படம், ரிவியூ எல்லாம் தெரியும் பக்கம்தான் இது, இலவசம். பெயர் போடும் இடத்தில் உங்கள் பலகையிலும் பில்லிலும் உள்ள பெயரை மட்டும் போடுங்கள். பெயருக்குப் பின்னால் சிறந்த லேண்ட்ஸ்கேப்பிங், நுவரெலியா, ஹட்டன், புல் பதித்தல் என்று வால் சேர்ப்பது விதிமுறைக்கு எதிரானது. யாராவது முறைப்பாடு செய்தால் புரொஃபைலே முடக்கப்படலாம், சேர்த்து வைத்த ரிவியூக்களும் அதோடு கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

வகை தெரிவு செய்யும்போது அவசரப்படாதீர்கள், பொருத்தத்தில் பெரிய பங்கு இதற்குத்தான். உங்கள் வருமானத்தில் பெரும்பகுதி எந்த வேலையில் வருகிறதோ அது முதன்மை வகை. லேண்ட்ஸ்கேப்பர் என்று ஒரு வகை இருக்கிறது, தோட்ட வடிவமைப்பாளருக்குத் தனி, புல்தரை பராமரிப்புக்குத் தனி, நாற்றுமேடைக்குத் தனி. முதன்மை வகைக்கு மேல் இன்னும் ஒன்பது வரை சேர்க்கலாம், ஆனால் செய்யாத வேலையைச் சேர்க்க வேண்டாம்.

முகவரி விஷயத்தில்தான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். தோட்டத்து டிவிஷனில் இருக்கும் வீட்டுக்கு ஒழுங்கான தெருப் பெயரோ இலக்கமோ இருக்காது, கடிதம் எஸ்டேட் ஒஃபிஸுக்கு வந்துதான் கைக்கு வரும். இதற்குப் பயந்து டவுனில் தெரிந்தவர் கடை முகவரியைக் கொடுக்காதீர்கள். வாடிக்கையாளர் உங்களைத் தேடி வருவதில்லை, நீங்கள்தான் அவர்கள் இடத்துக்குப் போகிறீர்கள். அப்படியான தொழிலுக்கு முகவரியை மறைத்துவிட்டு, சேவை செய்யும் ஊர்களை மட்டும் காட்டுங்கள் என்றுதான் கூகுளே சொல்கிறது. இருபது இடம் வரை கொடுக்கலாம், இருக்கும் இடத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயண எல்லைக்குள் இருக்க வேண்டும். நம் பாதைகளில் இரண்டு மணி நேரம் எவ்வளவு தூரம் என்று உங்களுக்குத் தெரியும், அதனால் இலங்கை முழுவதும் என்று போடாமல் உண்மையில் லொறி போகும் ஊர்களைப் போடுங்கள்: ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலை, நுவரெலியா என்று.

இந்தத் தொழில் உண்மையில் உங்களுடையதுதான் என்று கூகுள் உறுதிப்படுத்துவது இப்போது பெரும்பாலும் வீடியோவில்தான் நடக்கிறது. நடுவில் நிறுத்தாமல், வெட்டி ஒட்டாமல், ஒரே ஓட்டமாக எடுக்க வேண்டும். சந்தியில் உள்ள ஊர்ப்பெயர்ப் பலகையில் ஆரம்பித்து நடந்து வாருங்கள். பெயர் எழுதிய லொறி அல்லது முச்சக்கரவண்டி, புல் வெட்டும் மெஷின், செடி வைத்திருக்கும் இடம், அப்புறம் பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பதிவுச் சான்றிதழ், எல்லாம் அந்த ஓட்டத்திலேயே வந்துவிடட்டும். சாமான் அறையைச் சாவி போட்டுத் திறப்பதைக் காட்டினால் இது உங்கள் இடம் என்பதற்கு அதுவே நல்ல சாட்சி. சிக்னல் நன்றாக உள்ள நேரம் பார்த்து எடுங்கள், ஏற்றும்போது பாதியில் நின்றால் திரும்பவும் முதலிலிருந்து.

படங்களுக்கு ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்கும் முன் ஓர் இடத்தில் நின்று ஒரு படம், முடிந்ததும் அதே இடத்தில் நின்று ஒரு படம். பகல் திரும்பினால் மூடுபனி இறங்கிவிடும், காலையிலேயே எடுத்துவிடுங்கள். நெட்டில் இருந்து எடுத்த வெளிநாட்டுத் தோட்டப் படம் வேண்டவே வேண்டாம். பின்னால் தேயிலை மலையும் முன்னால் ஹைட்ரேஞ்சியாவும் தெரியும் சாதாரண போன் படமே, இவர் இங்கே வேலை செய்கிறவர் என்று நிரூபித்துவிடும். வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போடுங்கள். படத்துக்குள் இடக்குறி (எடுத்த இடத்தைச் சொல்லும் தகவல்) பதித்துத் தருகிறோம் என்று காசு கேட்பவர்களுக்கு ஒன்றும் கொடுக்காதீர்கள், அதனால் மெப்பில் ஏறுவதில்லை.

ரிவியூ கேட்க வெட்கப்படாதீர்கள்

மலையகத்தில் நல்ல வேலைக்காரர்கள் அதிகம் தயங்கும் இடம் இதுதான். காசு வாங்கியாயிற்று, இனி எப்படி உதவி கேட்பது என்று நினைக்கிறார்கள். ஆனால் புதிதாகத் தேடுபவருக்கு உங்களைப் பற்றித் தெரிய வேறு வழியே இல்லை. வேலை முடிந்த அன்றே கேட்பதைவிட, புல் வேர்பிடித்துப் பச்சை தெரியும் நேரத்தில், மூன்று நான்கு வாரம் கழித்துக் கேட்பது நல்லது என்பது என் கருத்து. அப்போது வீட்டுக்காரரும் சந்தோஷமாக இருப்பார், நீங்களும் வேலையை விசாரித்த மாதிரி இருக்கும். புரொஃபைலில் கிடைக்கும் ரிவியூ லிங்க்கோடு இப்படி ஒரு செய்தி போதும்:

"சேர் வணக்கம். போன மாசம் பதிச்ச புல் இப்ப எப்படி இருக்கு? எங்கயாச்சும் மஞ்சளா தெரிஞ்சா படம் அனுப்புங்க, வந்து பார்த்துட்டுப் போறேன். நேரம் கிடைச்சா இந்த லிங்க்ல எங்க வேலையைப் பத்தி உங்க மனசுல பட்டதை ரெண்டு வரி எழுதி விடுங்க சேர்."

சிங்களத்தில் பேசும் வாடிக்கையாளருக்குச் சிங்களத்தில் அனுப்புங்கள், அவர் எழுதும் மொழியிலேயே பதிலும் போடுங்கள். பதிலில் வேலையும் ஊரும் இயல்பாக வரட்டும்: நன்றி மேடம், கந்தப்பளையில் அந்தச் சரிவில் மழைக்கு முன்னால் வடிகானை முடிக்க முடிந்ததில் எங்களுக்கும் திருப்தி. அடுத்து படிப்பவருக்கு இதில் ஒரு தகவல் இருக்கிறது. நன்றி, மீண்டும் வருக என்று எல்லோருக்கும் ஒரே வரியை ஒட்டினால் ஒன்றும் இல்லை. ரிவியூவுக்காக விலையைக் குறைப்பது, பரிசு கொடுப்பது, திருப்தியானவர்களுக்கு மட்டும் லிங்க் அனுப்புவது, சொந்தக்காரர்களை எழுதச் சொல்வது எல்லாமே விதிமுறைக்கு வெளியே. யாராவது ஒரு நட்சத்திரம் போட்டால் சண்டைக்குப் போகாமல், எப்போது வந்து பார்ப்பீர்கள் என்று எழுதிவிட்டுப் போய்ப் பாருங்கள்.

வெப்சைட்டில் என்ன இருக்க வேண்டும்

கூகுள் புரொஃபைலோடு இலவசமாகக் கிடைத்த குட்டி வெப்சைட்டுகள் 2024 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டன, பழைய கார்டில் அந்த முகவரி இருந்தால் மாற்றுங்கள். சொந்தமாக ஒரு டொட் எல்கே முகவரி எடுத்து, சின்னதாக ஒரு தளம் போட்டால் போதும். முகப்பிலேயே தொழில் பெயர், தொடும்போது கோல் போகும் இலக்கம், வட்ஸ்அப் பட்டன், வேலை செய்யும் ஊர்கள். புரொஃபைலில் உள்ள பெயரும் இலக்கமும் இங்கேயும் பேஸ்புக்கிலும் ரெயின்போ பேஜஸ் தொழில் விபரக்கொத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓரிடத்தில் 052 லேண்ட்லைன், இன்னோரிடத்தில் பாவனையில் இல்லாத பழைய மொபைல் என்று இருந்தால் கூகுளும் குழம்பும், வாடிக்கையாளரும் குழம்புவார்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். புல் பதித்தல் ஒன்று, கல் கட்டும் தாங்கு சுவரும் ஒன்று, வடிகான் ஒன்று, இன்டர்லொக் கல் பதிப்பது ஒன்று, மாதாந்தப் பராமரிப்பு ஒன்று. பக்கத்தின் தலைப்பில் வேலையும் ஊரும் வரட்டும். தமிழ்ப் பக்கத்தில் வெறும் தோட்ட வேலை என்று எழுதினால் எஸ்டேட் வேலை தேடுபவர்தான் வருவார், பூந்தோட்டம், புல்தரை, வீட்டுத் தோட்டம் என்று எழுதுங்கள். ஆங்கிலப் பக்கம் கட்டாயம் வேண்டும், காசு கொடுக்கும் ஹோட்டல்காரர்களும் வெளிநாட்டில் இருக்கும் வீட்டுக்காரர்களும் பெரும்பாலும் அதில்தான் தேடுகிறார்கள். சிங்களப் பக்கத்தைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து எழுதி வாங்குங்கள்.

ஊருக்கு ஒரு பக்கம் போடுங்கள் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். ஒரே எழுத்தை வைத்துக்கொண்டு ஹட்டனை அழித்து பதுளை, பதுளையை அழித்து அப்புத்தளை என்று மாற்றிப் போட்டால் அது கூகுளின் கண்ணில் ஸ்பேம். அதற்குப் பதிலாக, செய்து முடித்த நல்ல வேலைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். இந்த மாதிரி:

"பண்டாரவளை, கெஸ்ட் ஹவுஸ் பின்பக்கச் சரிவு. மழை வந்தால் மண் வழிந்து சமையலறை வாசல் வரை வந்தது. சரிவை மூன்று படியாக வெட்டி, கருங்கல் கட்டு எழுப்பி, தண்ணீர் வெளியேற கட்டுக்குள் குழாய் வைத்தோம். மேல் சரிவில் வெட்டிவேர், கீழ்ப் படியில் அகபந்தஸ். வேலை நான்கு பேருக்கு பதினொரு நாள்."

இதில் ஊர் இருக்கிறது, பிரச்சினை இருக்கிறது, என்ன செய்தீர்கள் என்பது இருக்கிறது. அதே பிரச்சினை உள்ளவர் தேடும் சொற்கள் எல்லாம் தானாகவே வந்துவிடுகின்றன. 2025 நவம்பர் டித்வா புயலுக்குப் பிறகு சரிவு, வடிகான், தாங்கு சுவர் பற்றிக் கேட்காத வீட்டுக்காரர் இல்லை, ஆகவே அப்படியான வேலை செய்தவர்கள் அதை முதலில் எழுதுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசுப்படி செய்திருந்தால் அதையும் சொல்லுங்கள், எந்தச் சரிவைத் தொட மாட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். உயிர் சம்பந்தப்பட்ட வேலையில் நேர்மையாகப் பேசுபவரைத்தான் ஆட்கள் கூப்பிடுவார்கள்.

எழுதும் நேரமும் முக்கியம், கூகுள் ஒரு பக்கத்தைப் படித்து மேலே கொண்டுவர வாரங்கள், சிலசமயம் மாதங்கள் எடுக்கும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கிவிடும் என்பதால் வடிகான் பக்கம் பெப்ரவரிக்குள் ஏறியிருக்க வேண்டும். பதுளை, வெலிமடைப் பக்கம் ஒக்டோபருக்குப் பிறகுதான் பெரிய மழை, அங்கே ஜூலை போதும். ஏப்ரல் சீசனுக்குத் தோட்டம் தயார்ப்படுத்தும் பக்கத்தை முந்தைய நவம்பரிலேயே போடுங்கள். ஜனவரியில் துகள் உறைபனி விழுந்து புல் கருகும்போது நுவரெலியாக்காரர்கள் என்ன செய்வது என்று தேடுவார்கள், அதற்கும் ஒரு சின்னப் பக்கம் எழுதலாம்.

தொழில்நுட்பப் பக்கம் இரண்டே விஷயம். படங்களைச் சுருக்கி ஏற்றுங்கள், ஒன்று 200 கேபிக்குள் இருந்தால் பள்ளத்தாக்கில் ஒரு கோடு சிக்னலிலும் திறக்கும். தளம் செய்து தருபவரிடம் லோக்கல் பிசினஸ் ஸ்கீமா (தொழில் பெயர், இலக்கம், ஊர் போன்றவற்றை கூகுளுக்குப் புரியும் வடிவில் சொல்லும் குறியீடு) சேர்க்கச் சொல்லுங்கள், அவருக்கு அது கொஞ்ச நேர வேலை. அப்புறம் நீங்கள் தோட்டம் செய்துகொடுத்த ஹோட்டலோ ஹோம்ஸ்டேயோ தங்கள் தளத்தில் உங்கள் பெயரைப் போட்டு லிங்க் கொடுக்கச் சம்மதிக்குமா என்று கேளுங்கள். அப்படியான ஒரு லிங்க், காசுக்கு வாங்கும் நூறு லிங்க்கைவிட மேல்.

பலன் வருகிறதா என்று பார்ப்பது

உங்கள் போனில் உங்கள் பெயரையே தேடிப் பார்த்துச் சந்தோஷப்படாதீர்கள், நீங்கள் நிற்கும் இடத்துக்கும் முன்பு தேடியதற்கும் ஏற்ப முடிவு மாறும். மாதம் ஒரு தடவை புரொஃபைலில் எத்தனை கோல், எந்தச் சொல்லுக்கு வந்தார்கள் என்று பாருங்கள், தளம் கூகுள் தேடலில் எந்தச் சொல்லுக்கு வருகிறது என்று காட்டும் கூகுளின் சேர்ச் கன்சோலைப் பாருங்கள், இரண்டும் இலவசம். ஒரு சொல்லுக்கு நிறையப் பேர் உங்களைப் பார்த்தும் யாரும் தொடவில்லை என்றால் தலைப்பையும் முதல் படத்தையும் மாற்றிப் பாருங்கள். கோல் எடுக்கும்போது எங்கே பார்த்து எடுத்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொப்பியில் குறித்து வையுங்கள், எந்த ரிப்போர்ட்டிலும் கிடைக்காத தகவல் அதில் கிடைக்கும்.

முதலாம் இடம் உத்தரவாதம் என்று கோல் பண்ணுபவர்கள் வருவார்கள். மெப்பில் மேலே வர கூகுளுக்குக் காசு கட்டும் வழியே கிடையாது, விளம்பரம் என்பது வேறு. யாரையாவது உதவிக்கு வைத்தாலும் புரொஃபைலை உங்கள் சொந்த ஜிமெயிலில் திறந்து, பிரதான உரிமையாளராக நீங்களே இருந்து, அவருக்கு மனேஜர் அனுமதி மட்டும் கொடுங்கள். டொட் எல்கே முகவரியும் உங்கள் பெயரிலேயே பதிவாகியிருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.