பழைய எலும்பில் நோயைத் தேடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜோகன்னஸ்பர்க்கில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு எலும்பு படிக்க வருகிறவர்களில் டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. நான் படிக்கும்போது செய்த அதே தவறுகளை அவர்களும் செய்கிறார்கள். கையுறை, பெட்டி எண் எல்லாம் முதல் வாரத்திலேயே பழகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சுத்தமான எலும்பைப் பார்த்து 'ஆரோக்கியம்' என்று எழுதுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். இடைக்கால ஐரோப்பிய மண்டையோடுகளின் வார்ப்புகள் இரண்டை ஒரு மாணவி பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தாள். ஒன்று ஐந்து வயதுக் குழந்தை, ஒரு குறியும் இல்லை. இன்னொன்று நாற்பதைத் தாண்டிய பெண். பல்லில் வரிகள், கண்குழியின் கூரையில் சல்லடைத் துளைகள். குழந்தைக்கு 'ஆரோக்கியம்', பெண்ணுக்கு 'நோயாளி' என்று எழுதிவிட்டு, "சரிதானே அக்கா?" என்றாள்.

"ஆரோக்கியமான பிள்ளை ஐந்து வயதில் ஏன் செத்தது, சொல்லும்மா" என்றேன்.

கடுமையான காய்ச்சல் சில நாளில் ஆளைக் கொண்டுபோய்விடும். எலும்பு மாற வாரங்கள், மாதங்கள் ஆகும். லண்டன் ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்ட் இடுகாட்டில் 1348–50 பிளேக்கில் இறந்தவர்களைப் புதைத்தார்கள். அவர்கள் எலும்பில் பிளேக்குக்கு அடையாளமே கிடையாது. 2011-ல் அந்தக் கிருமியின் மரபணுத் தொகுதியைப் படிக்கப் பல்லுக்குள்தான் தேட வேண்டியிருந்தது.

அந்தப் பெண்ணின் கோரைப்பல்லைச் சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்து நகத்தால் தடவினால் வரி தட்டுப்படும். அந்த எனாமல் சிறுவயதிலேயே உருவாகி முடிந்துவிடும், பிறகு புதுப்பித்துக்கொள்ளாது. அப்படியென்றால் சின்ன வயதில் பட்டினியோ நோயோ வந்தது, அதைத் தாண்டியும் அவள் வளர்ந்தாள். துளைகளின் விளிம்பும் மழுங்கியிருந்தது, அதாவது ஆறிப்போன பாதிப்பு. விளிம்பு கூராக இருந்திருந்தால் சாகும்போதும் தொல்லை இருந்தது என்று கொள்ளலாம்.

அதற்காகக் குறி உள்ளவர் பலசாலி என்று திருப்பிப் போட்டுவிடாதீர்கள். முன்பே நலிந்தவர்களைத்தான் பிளேக் அதிகம் கொன்றது என்று ஷாரன் டிவிட் அதே ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்ட் எலும்புகளை வைத்துக் காட்டியிருக்கிறார். குறியையும் இறந்த வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: வரி உள்ளவர்கள் வரி இல்லாதவர்களைவிடச் சீக்கிரம் இறந்தார்களா? ஊரின் ஆரோக்கியத்தைப் பற்றி அப்புறம்தான் பேச முடியும். 1992-ல் ஜேம்ஸ் வுட்டும் அவரோடு சேர்ந்தவர்களும், குறி இல்லாததையே ஆரோக்கியம் என்று கொள்ள முடியாத இந்த முரணை விரிவாக எழுதியும், இன்னும் அறிக்கைகளில் இதே கோளாறு.

நம் நாட்டிலேயே லிம்போபோ ஆற்றை ஒட்டிய கே2, மாபுங்குப்வே என்ற பழைய குடியிருப்புகளின் எலும்புகள் இருந்தன. ஐரோப்பாவின் இடைக்காலத்தில் இங்கே வாழ்ந்தவர்கள் அவர்கள். 1930களிலிருந்து தோண்டி எடுத்தவற்றை 2007-ல் திரும்ப அடக்கம் செய்தார்கள். செய்ய வேண்டிய காரியம்தான். ஆனால் அப்படி மண்ணுக்குத் திரும்பிய எலும்புக்கு, எழுதிவைத்த குறிப்புதான் மிச்சம். துளை 'உண்டு' என்று மட்டும் ஒருவர் எழுதியிருந்தால், ஆறியதா இல்லையா என்று யாரிடம் போய்க் கேட்பது?

உடைந்துபோன பகுதிக்கு 'இல்லை' போடுவது

கண்குழியே கிடைக்கவில்லையா? 'பார்க்க முடியவில்லை' என்று எழுதுங்கள்.

சராசரி வயதை ஆயுள் என்று நினைப்பது

சராசரி முப்பது என்றால் எல்லோரும் முப்பதில் போய்விட்டார்கள் என்று அர்த்தமில்லை. பச்சிளங்குழந்தைச் சாவுகள் எண்ணைக் கீழே இழுக்கும். குழந்தை எலும்பு மண்ணில் சீக்கிரம் கரைந்த இடத்தில் அதே எண் பொய்யாக மேலே போகும்.

முதியவருக்குத் துல்லியமான வயது போடுவது

'50-க்கு மேல்' போதும்.