கப்பல் பின்முனையால் திரும்புகிறது: வீல் பழகும் கேடட்டுகளுக்கு

பயிற்சிப் பயணத்தில் வீலை, அதாவது சுக்கானைத் திருப்பும் சக்கரத்தை, கையில் வாங்குவதற்கு முன், பிரிட்ஜில் (கப்பலைச் செலுத்தும் அறையில்) மாட்டியிருக்கும் வீல்ஹவுஸ் போஸ்டர் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். சரக்கோடும் காலியாகவும் அந்தக் கப்பல் எவ்வளவு இடத்தில் திரும்பும், எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஃபுல் அஸ்டர்ன் (எஞ்சினை முழு விசையில் பின்னோக்கி ஓட்டுவது) கொடுத்து நிற்க, சர்வதேசக் கடல்சார் அமைப்பின் அளவுகோல் பொதுவாகக் கப்பல் நீளத்தைப் போல 15 மடங்கு வரை அனுமதிக்கிறது. 150 மீட்டர் கப்பலுக்கு அது 2,250 மீட்டர்.

வீலை ஒப்படைப்பவரிடம் இரண்டு விஷயம் கேட்டு வாங்குங்கள்: இப்போதைய கோர்ஸ் (பிடிக்க வேண்டிய திசை) என்ன, நேராகப் போக எந்தப் பக்கம் எத்தனை டிகிரி சுக்கான் வைக்க வேண்டியிருக்கிறது. காற்றும் அலையும் ஒரு பக்கம் தள்ளும்போது இரண்டாவது கேள்விதான் உங்களைக் காப்பாற்றும்.

‘ஸ்டார்போர்டு டென்’ (சுக்கான் வலப்பக்கம் 10 டிகிரி) என்று ஆணை வந்தால், அதே சொற்களை உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டு வீலைத் திருப்புங்கள். கண், சுக்கானின் கோணத்தைக் காட்டும் ரடர் இண்டிகேட்டர் முள்ளில் இருக்கட்டும். வீல் கை போன வேகத்துக்குப் போய்விடும், சுக்கானோ நிதானமாகத்தான் பின்தொடரும். ஒரு பக்கம் 35 டிகிரியிலிருந்து மறுபக்கம் 30 டிகிரிக்கு வர 28 விநாடி வரை விதி இடம் கொடுக்கிறது. முள் 10-ஐத் தொட்ட பிறகே ‘வீல் ஸ்டார்போர்டு டென்’ என்று அறிவியுங்கள். முள்ளைப் பார்க்காமல் வாய்ப் பழக்கத்தில் பதில் சொல்வது மிக ஆபத்தான பழக்கம். சுக்கானைத் திருப்பும் இயந்திரமான ஸ்டீயரிங் கியர் நின்றுபோனதை முதலில் காட்டிக்கொடுப்பது அந்த முள்தான்.

கார் முன்சக்கரத்தால் திரும்பும், கப்பல் பின்முனையால் திரும்பும். முன்னோக்கி ஓடும் கப்பலின் சுழல்புள்ளி, முன்முனையிலிருந்து ஏறத்தாழ நீளத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை தள்ளி இருக்கும். ஸ்டார்போர்டு கொடுத்தால் பின்முனை போர்ட் (இடது) பக்கம் வீசும். முன்முனை மிதவையைத் தாண்டியதும் நிம்மதியடைந்து அதைவிட்டு விலகும்படி வீலைத் திருப்புபவர், பின்முனையை அந்த மிதவை மேலேயே போடுவார்.

கோர்ஸைப் பிடிப்பதில் புதியவர்கள் தவறுவது ஒரே இடத்தில்தான். காம்பஸில் 090 டிகிரியிலிருந்து 130-க்கு வரச் சொன்னால், 130 தெரியும்வரை சுக்கானை வைத்திருப்பார்கள். கப்பல் 140-ஐயும் தாண்டிப் போகும். பதறி எதிர்ப்பக்கம் அதிகமாகக் கொடுப்பார்கள், அது 120-க்குப் பாயும். பின்னால் பார்த்தால் நுரைத் தடம் பாம்பு மாதிரி நெளிந்திருக்கும். 120 வாக்கிலேயே சுக்கானைக் குறைத்து, 125 வாக்கில் எதிர்ப்பக்கம் 5 டிகிரி கொடுத்துப் பாருங்கள். கப்பலுக்குக் கப்பல் இது மாறும், சரக்கு ஏறினால் இன்னும் முன்கூட்டியே தொடங்க வேண்டும். காம்பஸையே முறைக்காமல், முன்கம்பத்துக்கு நேரே ஒரு நட்சத்திரத்தையோ மேகத்தையோ பிடித்துக்கொண்டால் திருப்பம் தொடங்குவது முதலில் அங்கேதான் தெரியும்.

ஆள் கடலில் விழுந்தால், வந்த தடத்துக்கே கப்பலைத் திருப்பிக் கொண்டுவரும் வில்லியம்சன் திருப்பம். லைஃப்பாய் (உயிர்காப்பு மிதவை) வீசப்படும் அதே நேரத்தில், விழுந்தவர் இருக்கும் பக்கமே வீலை முழுதாகத் திருப்புங்கள். அவரைவிட்டு விலகத்தான் மனம் சொல்லும், ஆனால் விலகத் திருப்பினால் பின்முனையும் புரொப்பெல்லரும் அவர் மேல் வீசும். 090-ல் போகையில் ஸ்டார்போர்டு பக்கம் விழுந்தால்:

முதலில் ஹார்டு எ ஸ்டார்போர்டு (வலப்பக்கம் முழுதாக), ஹெட்டிங் (முன்முனை நோக்கும் திசை) 60 டிகிரி மாறி 150 வரும்வரை.
உடனே ஹார்டு எ போர்ட். கப்பல் 150-ஐத் தாண்டிச் சற்று ஓடிய பிறகே திரும்பி வரும், அது இயல்பு.
எதிர்க்கோர்ஸ் 270. அதற்கு 20 டிகிரி முன்பு, அதாவது 290-ல் மிட்ஷிப்ஸ் (சுக்கான் நடுவில்). பிறகு 270-ல் நிலைநிறுத்துங்கள், வந்த தடத்திலேயே திரும்பியிருப்பீர்கள்.

இந்த மூன்று எண்களையும் பதற்றத்தில் கணக்குப் போட முடியாது. கோர்ஸ் மாறும் ஒவ்வொரு முறையும், இரு பக்கத்துக்கும் சேர்த்து, சாக்பீஸால் பலகையில் எழுதி வையுங்கள்.

நெருங்கும்போது வேகத்தை முன்பே குறைத்துவிட வேண்டும். கடைசி நேரத்தில் பலமாக அஸ்டர்ன் கொடுத்தால், வலஞ்சுழிப் புரொப்பெல்லர் (முன்னோக்கி ஓடும்போது பின்னாலிருந்து பார்த்தால் வலமாகச் சுழல்வது) பின்முனையைப் போர்ட் பக்கம் இழுக்கும், அப்போது சுக்கான் பெரிதாகப் பேச்சைக் கேட்காது. நீரில் இருப்பவர் போர்ட் பக்கம் இருந்தால் புரொப்பெல்லர் அவரை நோக்கியே நகரும்.