கைப்பேசியிலேயே குலைச் சீட்டு

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் சின்னதாகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வைத்திருப்பவர்களுக்கு: குலை ஏற்றும்போது கொடுக்கும் சீட்டுக்குக் கார்பன் தாள் இனித் தேவையில்லை. படிவம் நிரப்பும் ஒரு செயலி, இடுப்பில் மாட்டும் புளூடூத் பிரிண்டர், இவ்வளவுதான்.

படிவத்தில் தேதியும் சீட்டு எண்ணும் தானாக விழட்டும். லோரி எண்ணைப் பட்டியலிலிருந்து தொட்டு எடுக்கும்படி வையுங்கள். எடைக்கு எண் விசைகள் மட்டும் வந்தால் போதும். வேர்வைக் கையால் வேறெதையும் தட்ட முடியாது.

58 மி.மீ. தாளில் அச்சு விழுவது 48 மி.மீ. அகலத்துக்குத்தான். ஆகவே ஏ4 படிவத்தை அப்படியே சுருக்காதீர்கள், பூதக்கண்ணாடி கேட்கும். விவரங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள்.

பலரும் சிக்குவது தமிழில். மலிவான பிரிண்டர்களில் பெரும்பாலும் தமிழ் எழுத்துரு இருக்காது. வெறும் கட்டங்களும் கேள்விக்குறிகளும்தான் வரும். சீட்டை 384 புள்ளி அகலப் படமாக மாற்றி அனுப்புங்கள், 'ஐயாக்கண்ணு' என்ற பெயர்கூடச் சுத்தமாக விழும்.

சூட்டில் எழுத்து விழும் வெப்பத்தாள் என்பதால் லோரி டேஷ்போர்டு வெயிலில் கறுத்துவிடும், நாள்பட்டால் மங்கும். கணக்குப் பார்க்கும் கிராணிக்குப் பிடிஎஃப் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.