இங்கிலாந்தில் படிக்கும்போது பிடித்த வருமான வரியைத் திரும்ப வாங்குவது எப்படி?

மாஸ்டர்ஸ் படிக்க இங்கிலாந்து போகும் நம் பிள்ளைகள் பலர் வேர்ஹவுஸ், கேர் ஹோம், சூப்பர் மார்க்கெட் என்று பகுதி நேர வேலை பார்க்கிறார்கள். பேஸ்லிப்பில் வருமான வரி என்று ஒரு தொகை பிடித்திருக்கும். படிப்பு முடிந்ததும் அதை மறந்துவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். பலருக்கு அந்தப் பணம் முழுவதுமே திரும்பக் கிடைக்க வேண்டியது. அப்பா அம்மா கடன் வாங்கி அனுப்பிய படிப்பில் ஆயிரம் பவுண்டு சின்னத் தொகை இல்லை. அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

உங்களுக்குப் பணம் வருமா?

இங்கிலாந்தில் வரி ஆண்டு ஏப்ரல் 6-ல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5-ல் முடிகிறது. ஓர் ஆண்டில் 12,570 பவுண்டு வரை சம்பாதித்தால் வருமான வரி கிடையாது. இதைத்தான் பெர்சனல் அலவன்ஸ் என்கிறார்கள்.

ஓர் உதாரணம். 2024–25-ல் 21 வயதும் அதற்கு மேலும் ஆனவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 11.44 பவுண்டு. பட்டப்படிப்பு மாணவர் விசாவில் பாட நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ஆக வாரச் சம்பளம் 228.80 பவுண்டு. அக்டோபரில் சேர்ந்து மார்ச் வரை 24 வாரம் உழைத்தால் மொத்தம் சுமார் 5,490 பவுண்டு. வரம்பில் பாதிகூட வரவில்லை. வரியே பிடித்திருக்கக் கூடாது. ஆனால் எவ்வளவு வரி பிடிப்பது என்று முதலாளிக்குச் சொல்லும் வரிக் குறியீடு தவறாக இருந்து, வாரத்துக்கு 45.60 பவுண்டு பிடித்திருந்தால், 1,090 பவுண்டுக்கு மேல் அங்கேயே கிடக்கும்.

பலர் கவனிக்காத விஷயம் இன்னொன்று உண்டு. செப்டம்பரில் போய் அடுத்த செப்டம்பரில் முடிக்கும் ஓராண்டுப் படிப்பு இரண்டு வரி ஆண்டுகளில் விழுகிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 12,570 பவுண்டு விலக்கு உண்டு. ஏப்ரல் 5 வரை வந்த சம்பளம் ஒரு கணக்கு, அதன் பிறகு வந்தது இன்னொரு கணக்கு. இரண்டையும் கூட்டிப் பார்த்து “வரம்பைத் தாண்டிவிட்டேன்” என்று முடிவுகட்டாதீர்கள்.

பேஸ்லிப்பில் வரிக் குறியீட்டைப் பாருங்கள்

1257எல் என்று மட்டும் இருந்தால் முழு விலக்கும் கணக்கில் எடுக்கப்படுகிறது. அதன் பின்னால் டபிள்யூ1 அல்லது எம்1 ஒட்டியிருந்தால் அந்த வாரத்தை, அந்த மாதத்தைத் தனியாக வைத்து வரி போடுகிறார்கள். விடுமுறையில் மட்டும் முழு நேரம் உழைப்பவர்களுக்கு இதனால்தான் அதிகம் போகும். பிஆர் என்றால் விலக்கே இல்லாமல் முதல் பவுண்டிலிருந்து 20 சதவீதம். இரண்டாவது வேலைக்கு வழக்கமாக இதுதான் வரும். 0டி-யிலும் விலக்கு இல்லை.

வேலையில் சேரும்போது ஸ்டார்ட்டர் செக்லிஸ்ட் என்று ஒரு படிவம் தருவார்கள். அதில் ஏ, பி, சி என்று மூன்று வாசகங்கள் இருக்கும். அந்த வரி ஆண்டில் இதுதான் முதல் வேலை, வேறு வருமானம் இல்லை என்றால் ஏ-வைக் குறிக்க வேண்டும். அவசரத்தில் சி-யைக் குறித்தால் பிஆர் விழும். தொல்லை பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இன்னும் வேலையில் இருக்கிறீர்களா?

அப்படியென்றால் வழி சுலபம். எச்எம்ஆர்சி என்ற இங்கிலாந்து வரித்துறையின் ஆப்பில் அல்லது அரசின் இணையக் கணக்கில் நுழைந்து, உங்கள் வேலை விவரத்தையும் குறியீட்டையும் சரிபாருங்கள். தவறு இருந்தால் திருத்தச் சொல்லுங்கள். சரியான குறியீடு முதலாளிக்குப் போனதும், அதே ஆண்டில் அதிகம் பிடித்த வரி சம்பளத்தோடு சேர்ந்து வந்துவிடும்.

வேலையை விட்டுவிட்டால்

வேலையை விடும்போது பி45 கொடுப்பார்கள். அதில் அதுவரை வாங்கிய சம்பளமும் பிடித்த வரியும் இருக்கும். இதற்கு நகல் போட்டுத் தரமாட்டார்கள். பாஸ்போர்ட்டோடு சேர்த்து பத்திரமாக வையுங்கள். ஏப்ரல் 5 அன்று வேலையில் இருந்தவர்களுக்கு அந்த ஆண்டின் மொத்தச் சம்பளத்தையும் வரியையும் காட்டும் பி60 மே 31-க்குள் வரும். அதையும் எடுத்து வையுங்கள்.

அங்கேயே தங்கி, அந்த வரி ஆண்டில் மேற்கொண்டு வேலை பார்க்கப் போவதில்லை என்றால், வரியைத் திரும்பக் கேட்க பி50 படிவம். வேலையை விட்டு நான்கு வாரம் கழிந்த பின் போடலாம்.

படிப்பு முடிந்து ஒரேயடியாக ஊர் திரும்புகிறீர்கள் என்றால் பி85 என்ற படிவம். எந்தத் தேதியில் கிளம்புகிறீர்கள், இங்கிலாந்தில் இனி வருமானம் உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். பி45-இன் 2, 3 பகுதிகளும் வேண்டும். இணையத்திலும் போடலாம், தபாலிலும் அனுப்பலாம். தபாலில் அனுப்பும் முன் எல்லாத் தாளையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய வரி ஆண்டுக்கு எச்எம்ஆர்சி-யிடம் தனியாகக் கேட்க வேண்டும். சில சமயம் அவர்களே கணக்குப் பார்த்து பி800 என்ற கடிதம் அனுப்புவார்கள். பழைய முகவரிக்குப் போய்விடாமல் முகவரியை மாற்றிவிடுங்கள்.

முக்கியமாக, பணம் வந்து சேரும்வரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூடாதீர்கள். காசோலையாக வந்தால், பவுண்டு காசோலையை நம் ஊரில் மாற்றுவது பெரும்பாடு.

எதிர்பார்க்கக் கூடாதது

ஓய்வூதியம் போன்ற அரசு உதவிகளுக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் நேஷனல் இன்சூரன்ஸ் வேறு. அது வாராவாரம் தனியாகக் கணக்கிடப்படுவது; 2024–25-ல் வாரம் 242 பவுண்டைத் தாண்டினால் பிடிப்பார்கள். ஆண்டு வருமானம் குறைவு என்பதற்காக அது திரும்பி வராது.

“உங்களுக்கு ரீஃபண்டு இருக்கிறது, இந்த லிங்க்கைத் தொடுங்கள்” என்று வரும் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் மோசடி. எச்எம்ஆர்சி அப்படி ரீஃபண்டு அறிவிப்பதில்லை. கிடைக்கும் பணத்தில் பங்கு கேட்கும் ஏஜென்ட்டுகளும் தேவையில்லை. விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது.

ஏற்கெனவே ஊர் திரும்பியவர்களுக்கும் நேரம் இருக்கிறது. வரி ஆண்டு முடிந்து நான்கு ஆண்டுகள் வரை கேட்கலாம். 2022–23-க்கு 2027 ஏப்ரல் 5 கடைசி நாள், 2023–24-க்கு 2028 ஏப்ரல் 5. பழைய மின்னஞ்சலில் பேஸ்லிப்புகளைத் தேடி எடுத்து, முதலில் வரிக் குறியீட்டைப் பாருங்கள்.