கத்தரியை எடுக்கும் முன்: பிளஸ் ஒன் ஆடை வடிவமைப்பு மாணவிகளுக்கு

பத்தாவது முடித்துத் தொழிற்கல்விப் பிரிவில் நெசவும் ஆடை வடிவமைப்பும் எடுத்தபோது, "கணக்கு வராதா, அதான் தையலா?" என்று பெரியம்மா கேட்டார். அப்படி நினைத்து வருகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே கணக்கு இஞ்சு டேப்பில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

நான் பவானிக்காரி. அப்பா ஜமக்காளம் நெய்தவர். பாவு (நீளவாக்கில் ஓடும் இழை) எது, ஊடை (குறுக்கே ஓடும் இழை) எது என்று சின்ன வயதிலேயே தெரியும். அப்படியும் முதல் வருடம் சொதப்பினேன். செய்முறைக்காகத் தைத்த பருத்தி ஜாக்கெட், துவைத்துக் காய்ந்ததும் மார்புச் சுற்றில் ஒரு இஞ்சு குறைந்துவிட்டது. தையலில் குறையே இல்லை. துணியை நனைக்காமல் வெட்டியதுதான் தப்பு.

கடைக்காரர் "சுருங்காதும்மா" என்று சொன்னாலும் நம்பாதீர்கள். துணியின் ஓரத்தில் 25 செ.மீ.க்கு 25 செ.மீ. சதுரம் ஒன்றைப் பென்சிலில் வரைந்து, கொஞ்சம் விட்டு வெட்டி, ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். நிழலில் உலர்த்தித் தேய்த்துத் திரும்ப அளந்து பாருங்கள். நீளவாக்கில் 24 செ.மீ. வந்தால் 4 சதவீதம் சுருக்கம், அதாவது 2 மீட்டருக்கு 8 செ.மீ. போச்சு. பாவு, ஊடை இரண்டு பக்கமும் அளக்க வேண்டும்; இரண்டும் ஒரே அளவு சுருங்காது. இந்தத் துண்டையே ரெக்கார்டு நோட்டில் ஒட்டி, பக்கத்தில் கணக்கையும் எழுதிவிடலாம்.

அடுத்தது இழை நேர் பார்ப்பது. கரைக்கு, அதாவது துணியின் நெய்த ஓரத்துக்கு, இணையாக ஓடுவது பாவு. குறுக்கே ஓடும் ஊடையில் ஒரே ஒரு இழையை மெதுவாக உருவினால் துணியில் மெல்லிய கோடு விழும். அந்தக் கோட்டிலேயே வெட்டுங்கள். பிறகு கரையோடு கரை சேர்த்து மடித்துப் பாருங்கள். மூலைகள் பொருந்தாவிட்டால், குறைவாக இருக்கும் மூலையைச் சாய்வாக இழுத்து நேராக்குங்கள். சுடிதார் பேன்ட்டில் ஒரு கால் மட்டும் முறுக்கிக்கொண்டு நிற்குமே, பெரும்பாலும் இதைச் செய்யாததால்தான்.

எரித்துப் பார்க்கும் சோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாவிலும் ஊடையிலும் தனித்தனியாக இழை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தட்டுக்கு மேலே கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு மென்மையான சாம்பலாகும். பட்டில் முடி கருகும் நாற்றம் வரும். கரியை விரலால் நசுக்கலாம். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகிவிடும், நசுங்காது (சூடு ஆறட்டும், அவசரப்பட்டுத் தொட்டு நான் பட்டிருக்கிறேன்). ஒரு பக்க இழையை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். சில்க் காட்டனில் பாவு ஒன்றாகவும் ஊடை வேறொன்றாகவும் இருக்கும்.

சரி, இனி மெஷின். அடி நூல் சுற்றிய பாபினை வைக்கும் சின்ன டப்பாதான் பாபின் கேஸ். அதை நூலில் தொங்கவிட்டு லேசாக உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். சரசரவென்று விழுந்தால் நூல் தளர்வு, அசையவே இல்லையென்றால் இறுக்கம். பாப்ளினுக்கு 14-ஆம் நம்பர் ஊசி போதும். துணியின் அடியில் நூல் வளையம் வளையமாக வந்தால் பாபினைத் திட்ட வேண்டாம். மேல் நூலைச் சரியாகக் கோத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

தையல் மாதிரிகளைத் துணியின் நிறத்திலேயே தைப்பதுதான் அழகு என்பார்கள். ரெக்கார்டுக்கு அது உதவாது. வெள்ளைத் துணியில் சிவப்பு நூலால் தையுங்கள். தையல் கோணினாலும் கோணட்டும், பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும். ஒரே தையலைப் பாதி முடித்தது ஒன்று, முழுதும் முடித்தது ஒன்று என்று இரண்டாக ஒட்டினால் விளக்கம் எழுதும் வேலை பாதி குறையும்.

உடை தைக்கும்போது பிரவுன் ஷீட்டில் வரைந்த பேட்டர்னை முதலில் காடாத் துணியில் வெட்டி, டாக்கா (தற்காலிகமான பெரிய தையல்) போட்டு, உடுத்திப் பாருங்கள். கைக்குழி பிடிக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம், காகிதத்துக்கு ஒரு கத்தரி, துணிக்கு ஒரு கத்தரி. துணிக் கத்தரியை வீட்டில் தம்பி கண்ணில் படாமல் ஒளித்து வையுங்கள்.