பனியன் கம்பெனி வேலையிலும் உங்கள் கை தெரியச் செய்வது எப்படி

திருப்பூர் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் 14 வருஷமாக மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். மெர்ச்சன்டைசர் என்றால் பையருக்கும் (ஆர்டர் கொடுத்து வாங்குகிறவர்) தைக்கிற இடத்துக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற ஆள் என்று புரிந்துகொண்டால் போதும். முதல் நாலைந்து வருஷம் இந்த வேலையில் என் சொந்தக் கற்பனைக்கு இடமே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். டிசைன் பையருடையது, கலர் பையருடையது, கழுத்துப் பட்டி (ரிப்) எத்தனை சென்டிமீட்டர் அகலம் என்பதுகூட அங்கிருந்தே அட்டவணையாக வந்துவிடுகிறது, அப்புறம் நமக்கு என்ன மிச்சம்?

அந்த அட்டவணையிலேயே மிச்சம் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. கடைசிக் கட்டத்தில் டாலரன்ஸ் என்று ஒன்று போட்டிருப்பார்கள். மார்பு 52 சென்டிமீட்டர் என்றால் ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம், பீஸ் பாஸ்தான். எந்த வேலையை எடுத்தாலும் இப்படி ஒரு கட்டம் எங்கேயோ இருக்கிறது, அளவு யாருடையதாக இருந்தாலும் அந்தக் கட்டத்துக்குள் நடப்பது நம்முடைய இஷ்டம். அதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. மேஜையில் செடி வைப்பது, மக்கில் பெயர் எழுதுவது எல்லாம் அப்புறம்.

கண்டுபிடிக்க நான் செய்தது ரொம்பச் சாதாரணமான காரியம். ஒரு வாரம், சாயங்காலம் கிளம்புவதற்கு முன்னால், அன்றைக்குச் செய்த வேலைகளை ஒரு தாளில் எழுதி ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு கேள்விக்குப் பதில் போட்டேன்: இதை நான் வேறு மாதிரி செய்திருந்தால் யாராவது கேட்டிருப்பார்களா? பையருக்கு அனுப்பும் அளவு ரிப்போர்ட், கேட்பார்கள், ஃபார்மேட் மாறக் கூடாது. கலர் சரிபார்க்கச் சாயம் ஏற்றிய துண்டுத் துணி (லேப் டிப்) வைக்கிற கவரின் மேல் எழுதுவது, யாரும் கேட்க மாட்டார்கள். மாதிரி பீஸ் தைக்கிற சேம்பிள் ரூமுக்கு மாற்றங்களைச் சொல்லுவது, யாரும் கேட்க மாட்டார்கள், சொன்னது புரிந்தால் போதும். நோட்டீஸ் போர்டு, காலை மீட்டிங், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது, வாட்ஸ்அப் குரூப்பில் போடும் செய்தி, எதையும் யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு வாரம் முடிந்து கூட்டிப் பார்த்தால் என் நாளில் பாதிக்குப் பாதி எனக்கே விட்டிருந்தார்கள், நான்தான் முன்னால் இருந்தவர் செய்த மாதிரியே செய்துகொண்டிருந்தேன்.

இதே தாளில் இன்னொரு பட்டியலும் வேண்டும், கை வைக்கவே கூடாத இடங்கள். எங்கள் லைனில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, நேரமும் மெஷின் நம்பரும் எழுதிய பிறகுதான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் சுற்றி இருக்கிற பீஸ் எல்லாம் மெட்டல் டிடெக்டரில் போய் வர வேண்டும். குழந்தைகள் போடுகிற துணி அது. அங்கே போய்த் தனித்தன்மை காட்டுகிறேன் என்று கிளம்பாதீர்கள். நர்ஸ் வேலை, கேஷ் கவுண்டர், கரண்ட் வேலை, ஒவ்வொன்றிலும் இப்படி ஒரு ஊசி ரெஜிஸ்டர் இருக்கும்.

சரி, இடம் தெரிந்துவிட்டது, அங்கே எதைக் கொண்டுவருவது? புதிதாக எதையும் கற்றுக்கொள்ள ஓடாதீர்கள். வேலைக்கு வெளியே, யாரும் காசு கொடுக்காமலே நீங்கள் செய்துகொண்டிருக்கிற காரியம் ஒன்று இருக்கும், அதைத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும். நமக்குத் தெரிந்த நல்ல உதாரணம் எஸ். ஆர். ரங்கநாதன். ராமானுஜன் துறைமுகத்தில் கிளார்க்காக இருந்ததையே எல்லோரும் சொல்லுவார்கள், ஆனால் அவர் மேதை, அவருடைய கணக்கு வேறு. ரங்கநாதன் நம்மை மாதிரி ஆள், பிடிக்காத வேலையில் மாட்டிக்கொண்டவர். சீர்காழிக்காரர், சென்னை பிரசிடென்சி காலேஜில் கணக்கு வாத்தியார், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராகப் போகிறார். போன கொஞ்ச நாளிலேயே தனியாக உட்கார்ந்திருக்க முடியாமல் பழைய வேலையே வேண்டும் என்று திரும்பி வந்து நிற்கிறார். லண்டனுக்குப் போய் நூலகப் படிப்பைப் படித்துவிட்டு வா, அப்போதும் பிடிக்கவில்லை என்றால் பார்க்கலாம் என்று அனுப்பிவைக்கிறார்கள். அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்க்கிறார், அதே துண்டுகளை வேறு வேறு விதமாக முடுக்கி வேறு வேறு பொம்மை செய்கிற சாமான். புத்தகங்களின் விஷயத்தையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துச் சேர்க்கலாமே என்று தோன்றுகிறது. நுரையீரல் ஒரு துண்டு, காசநோய் ஒரு துண்டு, சிகிச்சை ஒரு துண்டு, நடுவில் முக்காற்புள்ளி, இங்கிலீஷில் கோலன். 1933-ல் அச்சில் வந்த கோலன் வகைப்பாடு அப்படிப் பிறந்ததுதான். பாருங்கள், அவர் கணக்கை விட்டுவிட்டு நூலகராகவில்லை. கணக்கு வாத்தியாராகவே நூலகத்துக்குள் போய் உட்கார்ந்தார்.

எனக்குக் கணக்கு வராது, படம் வரும். அதுவும் பெரிய ஓவியம் எல்லாம் இல்லை, பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் வாத்தியார் மூக்கை வரைகிற அளவு. இதை எங்கே கொண்டுவந்தேன் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் விஷயமே இருக்கிறது.

பையரிடமிருந்து சேம்பிளுக்குக் கமெண்ட் வரும். நெக் ரிப் ஜாயின்ட் தோள்பட்டைத் தையலில் இருந்து தள்ளிப் போயிருக்கிறது, ஸ்லீவ் ஓரத்தில் சுருக்கம் விழுகிறது, இப்படி. நான் அதை இங்கிலீஷில் இருந்து தமிழில் எழுதி சேம்பிள் ரூமுக்குக் கொடுப்பேன். பழைய கட்டிங் மாஸ்டர் ஒருவர் மட்டும்தான் அதை முழுசாகப் படிப்பார், டெய்லர்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார். மாஸ்டர் படித்து, அவருக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொல்லி, அது தைக்கிற கைக்குப் போய்ச் சேருவதற்குள் ‘தள்ளியிருக்கிறது’ என்பது எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று மாறிவிடும். ஒரே கமெண்ட் மூன்று தடவை திரும்பி வந்த ஆர்டர் உண்டு. ஒரு நாள் கோபத்தில் பேனாவை எடுத்து டிஷர்ட்டின் கழுத்தை மட்டும் பெரிதாக வரைந்து, தையல் இப்போது இருக்கிற இடத்தில் ஒரு அழுகிற மூஞ்சி, வர வேண்டிய இடத்தில் ஒரு சிரிக்கிற மூஞ்சி, நடுவில் அம்புக்குறி போட்டு ‘1 செ.மீ.’ என்று எழுதி மெஷின் விளக்கிலேயே ஒட்டிவிட்டு வந்தேன். மத்தியானம் சேம்பிள் என் மேஜைக்கு வந்தது, சரியாக இருந்தது. மாஸ்டர் வந்து, "ஏனுங்க அம்மிணி, இத்தனை நாளா இந்தக் கையை எங்க வெச்சிருந்தீங்க?" என்றார்.

அதற்கப்புறம் அது நோட்டாகிவிட்டது. ஒவ்வொரு ஸ்டைலுக்கும் ஒரு பக்கம், எங்கே தப்பு வருமோ அந்த இடம் மட்டும் பெரிதாக, மூஞ்சியோடு. இதற்கு நான் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, பட்ஜெட் கேட்கவில்லை, ஒரு படத்துக்கு நாலு நிமிஷம் ஆகிறது. நீங்கள் தேட வேண்டியதும் இந்த அளவு காரியத்தைத்தான்: உங்களுக்குக் கை வருகிற ஒன்று, வேலையில் ஏற்கெனவே வலிக்கிற ஒரு இடம், இரண்டும் தொட்டுக்கொள்கிற புள்ளி. வலிக்கிற இடம் இல்லாமல் கை மட்டும் இருந்தால் அது அலங்காரம்.

அலங்காரம் என்றதும் ஒரு எச்சரிக்கை. உங்களுக்குப் படம் வரும், பாட்டு வரும், கோலம் வரும் என்று ஆபீசுக்குத் தெரிந்துவிட்டால் ஆயுத பூஜைக்கு மெஷின் மெஷினாகக் காகிதப்பூ ஒட்டுவதில் ஆரம்பித்து, முதலாளி வீட்டுக் கல்யாண பேனர் வரை உங்கள் தலையில்தான் விழும், அதுவும் ஷிப்மென்ட் வாரத்தில். பிடித்தால் செய்யுங்கள், நான் ஆயுத பூஜைக்கு மட்டும் செய்கிறேன். மற்றதற்கு "இந்த வாரம் கன்டெய்னர் போகணும் சார்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பழகிவிட்டேன்.

அடுத்தது, நான் அடிபட்டுக் கற்றுக்கொண்ட விஷயம். உங்கள் கையோடு முடிகிற காரியத்தில் கேட்காமலே பரிசோதனை செய்யலாம், நாலு பேர் பார்த்து நடக்கிற காரியத்தில் கூடாது. வேறு ஒரு கம்பெனியில் இருந்தபோது எல்லோரும் பார்க்கிற ஆர்டர் ஷீட்டை அழகாக்குகிறேன் என்று கலர் போட்டேன். எங்கள் வீட்டில் புதுக் கணக்கு நோட்டு, புது வண்டி, எது நல்லபடியாக முடிந்தாலும் குங்குமம்தான், அதனால் அப்ரூவல் வந்த கலருக்கெல்லாம் குங்குமச் சிவப்பு அடித்துவிட்டேன். எனக்கு அது மங்களம். டையிங் (சாயம் போடுவது) ஃபாலோ-அப் பார்க்கிற தம்பிக்கு அது நிறுத்து. இரண்டு நாள் துணி அப்படியே கிடந்தது, மூன்றாம் நாள் நான் போன் போட்டு ஏன் இன்னும் ஏற்றவில்லை என்று கேட்க, "நீங்கதானேக்கா ரெட் போட்டு வெச்சிருக்கீங்க" என்றான். திட்டு எனக்குத்தான், நியாயமான திட்டு. இப்போது பொதுவான எதை மாற்றுவதாக இருந்தாலும் அதைப் பயன்படுத்துகிற இரண்டு பேரிடம் காட்டி, "இதைப் பார்த்தா உனக்கு என்ன தோணுது?" என்று மட்டும் கேட்கிறேன். நல்லா இருக்கா என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்லுவார்கள்.

பேச்சும் எழுத்தும் அடுத்த இடம், இங்கேதான் நம்மில் நிறையப் பேர் வாசலில் செருப்போடு சேர்த்து நம்மையும் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போகிறோம். வீட்டில் அவ்வளவு கலகலப்பாகப் பேசுகிறவர் சர்க்குலர் எழுதினால் இப்படி வருகிறது: "பணியாளர்கள் அனைவரும் தேநீர் இடைவேளை முடிந்தவுடன் காலதாமதமின்றி தத்தம் பணியிடத்திற்குத் திரும்புமாறு இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறார்கள்." யார் அறிவுறுத்துகிறார், எத்தனை மணிக்கு, ஒன்றும் கிடையாது. நான் மாற்றி எழுதிப் போட்டது: "3.45-க்கு லைன் ஓடணும். டீயை நிதானமாக் குடிங்க, 3.40-க்கு எழுந்திருங்க." கீழே என் பெயர். சின்ன வழி ஒன்று: எழுதினதை அந்த ஆள் எதிரில் நிற்கிறார் என்று நினைத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், எந்த வரியில் நாக்குத் தடுக்குகிறதோ அது உங்கள் வரி இல்லை. வக்கீல் நோட்டீஸுக்கும் பேங்க் கடிதத்துக்கும் இது வேண்டாம், அங்கே அந்தப் பாஷைக்குக் காரணம் உண்டு.

உண்மையாக இருப்பது என்கிற விஷயத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. மனசில் இருப்பதை எல்லாம் மீட்டிங்கில் கொட்டுவதும், வீட்டுச் சண்டையை லஞ்ச் டேபிளில் விரிப்பதும்தான் உண்மையாக இருப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். ஆர்லி ஹோக்ஷீல்ட் என்ற அமெரிக்க சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-லேயே எழுதினார், சிரிக்கச் சொல்லிச் சம்பளம் கொடுத்தால் அந்தச் சிரிப்பும் ஒரு உழைப்புதான், அதற்கும் உடம்பு களைக்கும் என்று. நானும் பையர் வந்தால் சிரிக்கிறேன், அதில் தப்பில்லை. மேனேஜரிடம் ‘சார்’, சேம்பிள் ரூமில் ‘அண்ணே’, செக்கிங்கில் ‘அக்கா’, மூன்று இடத்திலும் என் குரலே மாறுகிறது, மூன்றுமே நான்தான். எனக்கு எல்லை ஒன்றே ஒன்று, இல்லாததை இருக்கிறதாகச் சொல்லக் கூடாது. துணி இன்னும் டையிங்கிலேயே இருக்கும்போது "கட்டிங் போய்க்கிட்டிருக்கு சார்" என்று மெயில் போடுகிற பழக்கம் இந்தத் தொழிலில் எவ்வளவு சகஜம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அதை விட்டபோதுதான் நிஜமாகவே தோள் லேசானது. பதிலுக்கு நான் பழகிக்கொண்ட வரி: "இப்போ எனக்குத் தெரியல, 4 மணிக்குள்ள கேட்டுச் சொல்றேன்." சொன்னால் 4 மணிக்குச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் இதுவும் இன்னொரு பொய்யாகிவிடும். முதல் தடவை கை நடுங்கத்தான் செய்யும். பையரும் ஒரு தடவை கத்தினார், அடுத்த ஆர்டரில் தேதி கேட்கும்போது மேனேஜரை விட்டுவிட்டு என்னிடம் கேட்டார்.

இதெல்லாம் மாதச் சம்பளக்காரர்களுக்குச் சரி, பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கி, தைக்கிறவருக்கு ஏது நேரம் என்று கேட்டால், நியாயமான கேள்வி. அவருக்கு நாலு நிமிஷம் என்பது காசு. அவர்களிடம் போய்ப் படைப்பாற்றல் என்று பேசுகிற மேனேஜ்மென்ட் முதலில் அந்த நாலு நிமிஷத்துக்குக் கூலி கொடுக்கட்டும். யாராவது ஒரு யோசனை சொல்லி அது நடந்துவிட்டால், சொன்னவர் பெயரை அதிலேயே எழுதிவைக்கும் வேலையாவது நம் கையில் இருக்கிறது. என் நோட்டில் பக்கத்தின் மூலையில் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் என் யோசனை ஒன்று வேறு ஒருவர் பெயரில் மேலே போனதைப் பார்த்து ஒரு வாரம் சாப்பாடு இறங்காமல் இருந்தவள் நான்.

போன மாதம் ஹூடி ஆர்டர் ஒன்று வந்து, எனக்குக் காய்ச்சல், மூன்று நாள் லீவு. திரும்பி வந்து நோட்டைத் திறந்தால் அந்த ஸ்டைலுக்குப் பக்கம் ஏற்கெனவே போட்டிருந்தது. தொப்பி பூசணிக்காய் மாதிரி இருந்தது, கயிறு கழுத்தைவிடத் தடியாக இருந்தது, அழுகிற மூஞ்சிக்கு மீசை வேறு. ஆனால் கயிறு வெளியே வருகிற ஓட்டைக்குப் பின்னால் ஒட்டுத்துணி வைக்காவிட்டால் கிழியும் என்று இரண்டு வட்டமும் ஒரு அம்புக்குறியும் போட்டுக் காட்டியிருந்தது, பையர் அனுப்பின, அளவும் தையல் விவரமும் இருக்கிற டெக் பேக்கிலேயே அது இல்லை. மூலையில் பெயர் ஒடியாவில் எழுதியிருந்தது. யார் பெயர் என்று மாஸ்டரிடம் கேட்டு, பக்கத்திலேயே தமிழிலும் எழுதிவிட்டு, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துப் பையருக்கு அனுப்பினேன், மீசையோடு.