டீக்கடையிலிருந்து மூன்று நிமிடம்: மாணவர்களுக்கு ஒலிநிகழ்ச்சி தயாரிப்பைக் கற்றுத்தரும் முறை

ஒலிநிகழ்ச்சி தயாரிப்பைச் சொல்லித்தர இறங்கும் ஆசிரியர்கள் பலர் முதல் வகுப்பிலேயே கணினியைத் திறந்துவிடுகிறார்கள். எந்தப் பட்டனை அழுத்தினால் எது நடக்கும் என்பதை மாணவர்கள் அரை மணி நேரத்தில் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் எதிரொலியோடு பதிவான குரலையும், பின்னால் சினிமாப் பாட்டு ஓடும் பேட்டியையும் எந்தப் பட்டனாலும் சரிசெய்ய முடியாது. அதனால் இந்த விளக்கத்தில் கணினி கடைசியில்தான் வரும். எட்டாம், ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை மனதில் வைத்து எழுதியது. கல்லூரியில் முதல்முறை செய்பவர்களுக்கும் பொருந்தும்.

இலக்கு: மூன்று நிமிட உரைச்சித்திரம். வானொலிக்காரர்கள் இந்தச் சொல்லால் குறிப்பது, தொகுப்புரை, பேட்டி, இடத்தின் ஓசை மூன்றும் கலந்த நிகழ்ச்சியை. இங்கே எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்வது பள்ளிக்கு அருகில் உள்ள ஒரு டீக்கடை. 45 நிமிடப் பாடவேளைகள் ஏழு வேண்டும். ஐந்தில் முடிக்கப் பார்த்தால் தொகுப்பு அரைகுறையாகும்.

தேவையானவை

ஒரு குழுவுக்கு ஒரு கைபேசி, வயருள்ள ஒரு இயர்போன், ஒரு நோட்டு. இரண்டு குழுக்களுக்கு ஒரு கணினி போதும். கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள் (இங்கே சொல்லும் மெனுப் பெயர்கள் அதன் 3 வரிசைப் பதிப்புகளுக்கானவை). ஹைடெக் ஆய்வகக் கணினியாக இருந்தால், நிறுவுவதற்கு அனுமதி வேண்டுமா என்பதை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

கைபேசியில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பல கைபேசிகளின் ரெக்கார்டர் செயலி எம்4ஏ வகைக் கோப்பாகச் சேமிக்கும். விண்டோஸ் கணினியில் எஃப்எஃப்எம்பெக் என்ற துணை நிரல் இல்லாவிட்டால் ஆடாசிட்டி அதைத் திறக்காது. வேவ் கோப்பாகப் பதியும் செயலியை முன்பே நிறுவிக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. மோனோ (இடம், வலம் என்று பிரியாத ஒற்றை ஒலிவழி), 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் என்று அமைத்தால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 5.3 எம்பி ஆகும். இருபது நிமிடப் பதிவு 106 எம்பிதான்.

வெளி மைக் வாங்கப் பணம் இருந்தாலும் முதல் நிகழ்ச்சிக்கு வேண்டாம் என்பதே எங்கள் பரிந்துரை. நல்ல இடத்தில் வைத்த கைபேசி, மோசமான இடத்தில் வைத்த விலையுயர்ந்த மைக்கைவிடத் தெளிவாகப் பதியும்.

முதல் பாடவேளை: காது

எல்லோரும் கண்ணை மூடி இரண்டு நிமிடம் உட்காரட்டும். பிறகு கேட்டதையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். மின்விசிறி, பக்கத்து வகுப்பு, காக்கை, டியூப்லைட்டின் ரீங்காரம், நாற்காலி இழுபடுவது. நம் மூளை வடிகட்டித் தள்ளிவிடும் இவை அனைத்தையும் மைக் அப்படியே பதிந்துவிடும். மின்விசிறிச் சத்தம் கேட்கவே இல்லை என்று சொன்ன மாணவரின் கையில் கைபேசியையும் இயர்போனையும் கொடுத்து, ஒரு நிமிடம் பதிந்து கேட்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அடுத்தது கைதட்டல் சோதனை. வகுப்பறை, நூலகம், மரத்தடி, மாடிப்படி ஆகிய நான்கு இடங்களில் ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். ஓசை சட்டென்று நின்றால் அங்கே குரல் பதியலாம். வால் நீண்டால் அங்கே எதிரொலி இருக்கிறது. சிமெண்ட் தரையும் வெறும் சுவரும் தகரக் கூரையும் குரலைத் திருப்பி அனுப்பும். புத்தக அலமாரி, பாய், போர்வை, துணிமணி ஆகியவை அதை உறிஞ்சும்.

இரண்டாம் பாடவேளை: திட்டம்

நான்கு பேர் கொண்ட குழு: எழுத்து, பேட்டி, ஒலிப்பதிவு, தொகுப்பு. யார் எந்தப் பொறுப்பில் இருந்தாலும் பதிவின்போது நால்வரும் இருக்க வேண்டும்.

“டீக்கடை” என்பது தலைப்புதான். நிகழ்ச்சிக்கு ஒரு கேள்வி வேண்டும். “விடிகாலை நாலரைக்கு யார் டீ குடிக்க வருகிறார்கள்?” என்று கேட்டுவிட்டால் யாரைப் பார்ப்பது, எப்போது போவது, எதைப் பதிவது என்பது தானாகவே தெளிவாகும். “டீயின் வரலாறு” என்று ஒரு குழு வந்தால் திருப்பி அனுப்புங்கள். அது இணையத்திலிருந்து பார்த்து எழுதிய கட்டுரையாகத்தான் முடியும்.

பிறகு ஓசைப் பட்டியல். பாய்லர் கொதிப்பது, டீ ஆற்றுவது, கிளாஸ் கழுவுவது, சில்லறை விழுவது, வடைச் சட்டியில் எண்ணெய் பொரிவது, ஷட்டர் தூக்குவது. ஐந்து ஓசைகூடத் தேறாத பொருள் ஒலிநிகழ்ச்சிக்கு ஏற்றதல்ல.

எழுத்துப்படியில் ஒலி ஒரு வரியிலும் பேச்சு ஒரு வரியிலுமாக, நொடிக் கணக்கோடு எழுதப் பழக்குங்கள். இப்படி:

ஒலி: பாய்லர் கொதிப்பு, கிளாஸ் மோதும் ஓசை. 5 நொடி தனியாக. பிறகு தணிந்து பின்னணியில் தொடரும்.
குரல்: மணி நாலரை. தெருவுல இன்னும் விளக்கு அணையல. இந்தக் கடையில மட்டும் பால் கொதிச்சாச்சு. (8 நொடி)
பேட்டி: கடைக்காரர், எழுந்திருக்கும் நேரம் பற்றி. (20 நொடி)
ஒலி: டீ ஆற்றுவது, 3 நொடி. பேச்சு வேண்டாம்.

குரலுக்கான வரிகள் பேச்சுத்தமிழுக்கு அருகில் இருக்கட்டும். “பணிகள் மேற்கொள்ளப்படுகின்றன” என்று எழுதினால் படிக்கிறவர் செய்தி வாசிப்பாளர் ஆகிவிடுவார். ஒரு வாக்கியத்துக்குப் பத்துச் சொற்களுக்கு மேல் வேண்டாம். எண்களை எழுத்தால் எழுதச் சொல்லுங்கள். “1,250” என்று இருந்தால் மைக் முன்னால் தடுமாறுவார்கள். நேரத்தைக் கணக்கிட ஆங்கிலத்துக்குச் சொல்லப்படும் நிமிடத்துக்கு 150 சொல் என்ற அளவு நமக்கு ஒத்துவராது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. நிமிடத்துக்குத் தோராயமாக 90 முதல் 110 என்று வைத்துக்கொண்டு, உரிய மாணவரை வாசிக்க வைத்துக் கடிகாரத்தில் சரிபாருங்கள். மூன்று நிமிட நிகழ்ச்சியில் தொகுப்புரை ஒரு நிமிடத்தைத் தாண்டக் கூடாது.

மூன்றாம் பாடவேளை: பதிவு ஒத்திகை

கைபேசியை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும். சிக்னல் தேடும்போது எழும் கரகரப்பும் பதிவாகலாம். செயலியில் “நாய்ஸ் ரிடக்ஷன்” (இரைச்சலைக் குறைப்பது), “ஆட்டோ கெயின்” (சத்தத்தைத் தானாகவே கூட்டிக் குறைப்பது) போன்ற அமைப்புகள் இருந்தால் அணைத்துவிடுங்கள். ஆட்டோ கெயின் இருந்தால், பேசுபவர் நிறுத்தும் ஒவ்வொரு முறையும் பின்னணி இரைச்சல் பொங்கி மேலே வரும்.

பெரும்பாலான கைபேசிகளில் மைக் அடிப்பக்கத்தில் இருக்கிறது. அந்தப் பக்கம் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் இருக்க வேண்டும். நேராகப் பிடித்தால் “பஸ்”, “பத்து” என்னும்போது மூச்சுக்காற்று மைக்கில் மோதி ‘டப்’ என்று கேட்கும். தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், அறையின் எதிரொலியோ அப்படியே இருக்கும். தொலைவில் வைத்துவிட்டுக் கணினியில் சத்தத்தைக் கூட்டுவது ஏன் உதவாது என்பதற்குக் காரணம் இதுதான்: கூட்டும்போது எதிரொலியும் சேர்ந்தே கூடுகிறது.

அளவுமானியில் குரலின் உச்சம் –12 முதல் –6 டெசிபலுக்குள் ஆடட்டும். 0-வைத் தொட்டால் அலையின் தலை வெட்டப்படும். வெட்டுண்ட ஒலி எத்தனை தணித்தாலும் கரகரக்கும். சோதனைக்கு “ஒன்று, இரண்டு, மூன்று” என்று எண்ணச் சொல்லாதீர்கள். எண்ணும்போது யாரும் இயல்பான குரலில் பேசுவதில்லை. “காலையில் என்ன சாப்பிட்டீங்க?” என்று கேளுங்கள்.

மின்விசிறியை நிறுத்துங்கள். வெயில் காலத்தில் இது கொடுமைதான். ஐந்து நிமிடம் பதிந்து, ஐந்து நிமிடம் காற்று வாங்கலாம்.

கடைக்குப் போகும்போது

முதல் நாள் கைபேசியை எடுக்காமல் போய், எதற்காக என்று சொல்லி அனுமதி கேட்டுவிட்டு வர வேண்டும். பதிவின் தொடக்கத்திலும் “அண்ணே, நீங்க பேசுறதைப் பதிவு பண்ணி ஸ்கூல்ல போடலாமா?” என்று கேட்டு, அவர் சம்மதிப்பதையும் பதிந்துகொள்ளட்டும். மாணவர்களின் குரல் பள்ளிக்கு வெளியே போகும் என்றால் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குவது உங்கள் வேலை.

டீக்கடையில் கட்டாயம் சந்திக்கப்போகும் சிக்கல் பாட்டு. கடைக்காரர் பேசும்போது பின்னால் சினிமாப் பாட்டு ஓடினால், பேச்சில் ஒரு சொல்லை வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் பாட்டு துள்ளிக் குதிக்கும். வெட்டியது கேட்பவருக்கு அப்பட்டமாகத் தெரியும். அதோடு காப்புரிமைச் சிக்கலும் சேர்ந்துகொள்ளும். பத்து நொடி வரை பயன்படுத்தலாம் என்று ஊரில் உலவும் பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. “பத்து நிமிஷம் பாட்டை நிறுத்தி வைக்க முடியுமாண்ணே?” என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. பிரிட்ஜ் உறுமினால் அதை விட்டுத் தள்ளி நின்று பேசலாம். அதன் ஒயரைப் பிடுங்கினால் திரும்பச் செருக மறந்துவிடும்.

பேட்டி எடுப்பவருக்கு மூன்று விதிகள். முதலாவது, ஆமாம், இல்லை என்று முடியும் கேள்வி வேண்டாம். “கஷ்டமா இருக்குமா?” என்றால் “ஆமா தம்பி”யோடு நின்றுவிடும். “காலையில எழுந்ததுலேர்ந்து என்னென்ன செய்வீங்க?” என்றால் கதை வரும். இரண்டாவது, பதிலில் கேள்வியும் சேர்ந்து வரும்படி பேசச் சொல்ல வேண்டும். தொகுப்பில் மாணவரின் கேள்வியை வெட்டிவிடுவோம். வெறுமனே “பதினெட்டு வருஷம்” என்பது தனியாக நின்றால் பொருள் தராது. “கடை போட்டுப் பதினெட்டு வருஷம் ஆச்சு” என்பது தனியாக நிற்கும். மூன்றாவது, அவர் பேசும்போது “ம்”, “ஓ”, “அப்படியா” எதுவும் கூடாது. தலையை மட்டும் ஆட்டலாம். இந்த மூன்றாவதுதான் மிகக் கடினம். இரண்டு பேரை எதிரெதிரே உட்காரவைத்து வகுப்பிலேயே பழக்கிவிடுங்கள்.

பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் கடையின் பொது ஓசையை ஒரு முழு நிமிடம் பதிய வேண்டும். மாணவர்கள் மறப்பது இதைத்தான். வெட்டிய இடங்களை ஒட்டுவதற்கும் தொகுப்புரையின் அடியில் விரிப்பதற்கும் இது இல்லாமல் ஆகாது. பட்டியலில் உள்ள ஓசைகளைத் தனித்தனியாக, ஒவ்வொன்றும் 20 நொடி, ஒரு முழம் தூரத்துக்குள் கைபேசியைக் கொண்டுபோய்ப் பதியட்டும். பாய்லரின் நீராவியும் எண்ணெய்த் தெறிப்பும் எட்டாத தூரம் முக்கியம்.

அங்கேயே நின்று இயர்போனில் ஒருமுறை கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். கோப்புகளை வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். குரல் செய்தியாகப் பேசி அனுப்பினால் தரம் சுருங்கிவிடும்.

நான்காம் பாடவேளை: தாளில் தொகுப்பு

பதிவு முழுவதையும் கேட்டு, நிமிடம்–நொடியோடு ஒரு வரிக் குறிப்பு எழுத வேண்டும். “2:14, முதல் வாடிக்கையாளர் பால்காரர், நல்ல சிரிப்பு” என்பதுபோல. சிறந்த நான்கைந்து துண்டுகளுக்குக் கோடிட்டு, எழுத்துப்படியைத் திருத்தி எழுத வேண்டும். கடைக்காரரே சொன்னதைத் தொகுப்புரை மறுபடியும் சொன்னால் அந்த வரியை அடியுங்கள். தொகுப்புரையை இந்தத் திருத்தத்துக்குப் பிறகு பதிவதே சரி.

ஐந்தாம், ஆறாம் பாடவேளை: கணினி

1. மூலக் கோப்புகளைப் பென்டிரைவில் ஒரு படி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். ஆடாசிட்டியில் கோப்புகளை இம்போர்ட் செய்து, உடனே புராஜெக்ட்டைச் சேமியுங்கள்.

2. கேட்டுக்கொண்டே, தேவையான இடம் வரும்போது கன்ட்ரோல் + எம் அழுத்தினால் அங்கே பெயர்ச்சீட்டு விழும். நான்காம் பாடவேளைக் குறிப்பு இங்கே கைகொடுக்கும்.

3. முதலில் பேச்சு டிராக்கை (திரையில் பேச்சுக்கான ஒலிவரிசையை) மட்டும் முடியுங்கள். பேட்டித் துண்டுகளையும் தொகுப்புரையையும் வரிசைப்படுத்தி மூன்று நிமிடத்துக்குள் கொண்டுவந்த பிறகே பின்னணி ஓசையைச் சேர்க்க வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்துவிட்டு நடுவில் ஒரு சொல்லை வெட்டினால், மற்ற டிராக்குகள் அசையாமல் நிற்க, பேச்சு மட்டும் முன்னால் நகர்ந்துவிடும்.

4. வெட்டும்போது மூச்சு விடும் ஓசையை முழுவதுமாக நீக்காதீர்கள். மூச்சில்லாத பேச்சு செயற்கையாக ஒலிக்கும். ஒரே மூச்சு இரண்டு முறை வராமல் பார்த்தால் போதும். வெட்டிய இடத்தில் ‘டிக்’ என்று கேட்டால், பகுதியைத் தேர்ந்தெடுத்ததும் இசட் விசையை அழுத்திவிட்டு வெட்டுங்கள். அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்துக்குத் தேர்வு நகரும்.

5. தாழ்ந்த ஓசைகளைத் தணிக்கும் ஹைபாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் போட்டால் லாரி உறுமலும் மேசை அதிர்வும் குறையும்.

6. நாய்ஸ் ரிடக்ஷன் தேவைப்பட்டால் மட்டும். பேச்சில்லாத ஓரிரு நொடியைத் தேர்ந்தெடுத்து ‘கெட் நாய்ஸ் புரொஃபைல்’. பிறகு முழுவதையும் தேர்ந்தெடுத்து 6 டெசிபல். 12-க்கு மேல் போனால் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோலக் குரல் குழையும். மாணவர்கள் 24 வரை போவார்கள். ஒருமுறை போகவிட்டுக் கேட்க வையுங்கள்.

7. பின்னணி ஓசை தனி டிராக்கில். பேச்சுக்கு அடியில் இருக்கும்போது பேச்சைவிட 15 டெசிபல் அளவுக்குத் தணிந்திருக்கட்டும். ஒரு டிராக்கின் சத்தத்தை இடத்துக்கு இடம் ஏற்றி இறக்கும் என்வலப் கருவியால், பேச்சு தொடங்குவதற்கு ஒரு நொடி முன்பே தணிக்கத் தொடங்க வேண்டும்.

8. எல்லா டிராக்குகளையும் ஒரே மோனோவாகக் கலந்துவிட்டு லவுட்னஸ் நார்மலைசேஷன் (நிகழ்ச்சியின் மொத்தச் சத்தத்தைக் குறித்த அளவுக்குக் கொண்டுவருவது). பாட்காஸ்ட்டுகளுக்கு வழக்கமான அளவு ஸ்டீரியோவில் –16, மோனோவில் –19 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு). மோனோவை இரட்டை மோனோவாகக் கொள்ளும் பெட்டியில் டிக் இருந்தால் –16 என்றே கொடுங்கள்.

9. வேவ் கோப்பாக ஒரு படி, எம்பி3 ஆக ஒரு படி. மோனோ, 96 கேபிபிஎஸ் என்றால் மூன்று நிமிடம் சுமார் 2.2 எம்பி.

கேட்கும்போது இயர்போனில் ஒருமுறை, கைபேசி ஸ்பீக்கரில் ஒருமுறை. இயர்போனில் அழகாக இருந்த பின்னணி ஸ்பீக்கரில் பேச்சை விழுங்குவது அடிக்கடி நடக்கும்.

ஏழாம் பாடவேளை: கேட்டல்

நிகழ்ச்சி ஓடும்போது மற்ற குழுக்கள் கவனம் சிதறிய நொடியை மட்டும் தாளில் குறிக்கட்டும். “நல்லா இருந்துச்சு” என்ற கருத்தால் யாருக்கும் பயனில்லை. ஆறு பேர் “1:40” என்று எழுதியிருந்தால் அங்கே வெட்ட வேண்டும் என்பது தயாரித்த குழுவுக்கே புரிந்துவிடும். ஒரு குழுவுக்கு மூன்று திருத்தங்களுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

திருத்தியதைப் பள்ளியில் ஒலிபரப்பலாம். ஊரில் சமுதாய வானொலி இருந்தால் அணுகிப் பார்க்கலாம். சென்னையில் 2004 பிப்ரவரி 1 அன்று 90.4 மெகாஹெர்ட்ஸில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். தொடங்கியது முதல் தமிழ்நாட்டில் இத்தகைய நிலையங்கள் பல வந்துவிட்டன. எங்கே அனுப்புவதானாலும் அதற்கு முன் கடைக்காரருக்குப் போட்டுக் காட்ட வேண்டும். கடன் பாக்கி வைத்தவர் பெயரையோ வீட்டு விஷயத்தையோ அவர் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கலாம். நீக்கச் சொன்னால் மறுபேச்சில்லாமல் நீக்கிவிடுங்கள். அதுவரை ஆடாசிட்டி புராஜெக்ட் கோப்பை யாரும் அழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.